உள்ளங்கால் மதமதப்பும் மூணு வருஷச் சைவமும்

அண்ணே, பழனிக்கு மாலை போட்டதோட கறி, மீன், முட்டையை விட்டு மூணு வருஷம் ஆச்சு, பாலும் சேர்க்கிறதில்லை, ராத்திரியானா உள்ளங்கால் மதமதங்குது, தினம் முருங்கைக்கீரை சாப்பிட்டும் ஏன்னு கேட்டிருந்தீங்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுறதாவும் எழுதியிருந்தீங்க. எனக்கு அங்கதான் இடிச்சது.

முருங்கை மேல குத்தமில்லை. அதுல இரும்புச்சத்து உண்டு, ஆனா நரம்புக்கு வேண்டிய பி12-ங்கிற வைட்டமின் கிடையாது, அது குறைஞ்சாலும் கால் இப்படி மதமதங்கும். எந்தக் கீரையிலயும் பருப்புலயும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியிலதான் இருக்கு. ஈரல்ல சேமிப்பு இருக்கிறதால குறைவு வெளியே தெரியவே வருஷக்கணக்காகும். மெட்ஃபார்மினும் நாளடைவுல உடம்பு பி12-ஐ ஏத்துக்கிறதைக் குறைக்கும். சர்க்கரையாலயும் கால் மரத்துப்போகும், அதனால நீங்களா முடிவு கட்டாதீங்க.

பி12 மாத்திரை ஏதும் போடுறதுக்கு முன்னாடி ரத்தத்துல அதோட அளவு பாருங்க. ஹீமோகுளோபின் சரியா இருக்குன்னு சும்மா இருக்கக் கூடாது. ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போட்டா சோகை சரியான மாதிரி தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கிட்டே இருக்கும். எங்க அத்தைக்கு இப்படித்தான் ஒரு வருஷம் வீணாச்சு.

ஒரு டம்ளர் பால்ல ஒரு நாள் பி12 தேவையில கிட்டத்தட்ட பாதி கிடைக்கும். ஆனா குறைவு வந்தபிறகு அது பத்தாது, ஊசியோ மாத்திரையோ டாக்டர்தான் சொல்லணும். பால்னு சொன்னேன்னு ஜிகர்தண்டா கடைப் பக்கம் போயிடாதீங்க! மெட்ஃபார்மினையும் நீங்களா நிறுத்தாதீங்க. நடக்கும்போது தள்ளாடுச்சுன்னா தள்ளிப்போடாம பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுல காட்டுங்க.