வாக்கும் வீதியும் வந்த பின்னரும் ஏற்றத்தாழ்வு ஏன்?

வணக்கம். கார்ப்பெற் வீதி வந்து, 2013இல் மாகாண சபைக்கு வாக்களித்த பின்னரும் கிளிநொச்சியில் உங்கள் ஊரில் வருமான ஏற்றத்தாழ்வு கூடியதைக் கட்டுரையில் எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடிப் பின்னர் குறையும் என 1955இல் எழுதிய பொருளியலாளர் சைமன் குஸ்நெற்ஸை மட்டும் நம்பாதீர்கள். அதில் 5 வீதம் தரவு, 95 வீதம் ஊகம் என்று அவரே ஒப்புக்கொண்டவர்.

உங்கள் மாவட்டத்து இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் (கோடைகால நெற்செய்கை) கூட்டத்தைப் பாருங்கள்: எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதை அங்கே கூடிப் பேசித்தான் தீர்மானிக்கிறார்கள், ஆனால் பேசுபவர்கள் வயற்காரர்கள்; வெட்டு மெசின் வந்ததால் அரிவு வெட்டும் கூலியை இழந்த, காணியற்ற பெண்ணுக்கு அங்கே குரலில்லை. இதற்கு மாறாக, இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து 1945இல் இலவசக் கல்வியும் வந்தன. வாக்கு இப்படிச் சேவையாக மாறும்போதே இடைவெளி குறைகிறது. ஆகவே காணியுள்ள குடும்பங்களையும் இல்லாதவற்றையும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள்.