ராஜினாமா எழுதாதீர்கள், புகார் கொடுக்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒருவர், பதவியில் எனக்குச் சமம்தான், தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நடக்கிறார். மீட்டிங்கில் என்னைப் பேச விடுவதில்லை. நான் கவனிக்கும் பையருக்கே (வாங்கும் நிறுவனத்துக்கே) என்னை சிசியில் இருந்து எடுத்துவிட்டு மெயில் போடுகிறார். அவர் லேப் டிப் (சாய நிறத்துக்கான மாதிரித் துணி) அனுப்பத் தாமதித்ததால் சரக்கு அதிகச் செலவில் விமானத்தில் போனது, பழி என் மேல். "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். ஏழு வாரத்துக்கு முன் "யாரைக் கவனிச்சு இத்தனை வருஷம் ஓட்டினே" என்றார், நாலு பேர் சிரித்தார்கள். இப்போது ஜி.எம். (பொது மேலாளர்) என்னை ராஜினாமா எழுதச் சொல்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திமிராக நடப்பதும், அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பதும், மீட்டிங்கில் வாயை அடைப்பதும் நம் நாட்டில் தனிக் குற்றங்கள் இல்லை. பணியிடக் கொடுமைக்கென்று ஒரு பொதுச் சட்டமே இங்கே கிடையாது. வேண்டுமென்றே அவமதிப்பதற்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 352-வது பிரிவு உண்டு. ஆனால் அதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, ஸ்டேஷனில் பெரும்பாலும் மனு ரசீதோடு நின்றுவிடும். இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 504-வது பிரிவில் வந்த ஒரு வழக்கில், வேலை விஷயமாக மேலதிகாரி கண்டித்ததைக் குற்றமாகப் பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. இவர் உங்கள் மேலதிகாரி இல்லைதான், ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. "யாரைக் கவனிச்சு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். ஒரு பெண்ணின் வேலைக்கு அவள் உடம்பைக் காரணமாகக் காட்டும் பேச்சு அது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ல் பாலியல் சாயல் கொண்ட பேச்சும் துன்புறுத்தல்தான், தொட்டிருக்க வேண்டும் என்றில்லை. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்க அலுவலகத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் கமிட்டியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் 3 மாதம் நீட்டலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஏழு வாரம் போய்விட்டது, மிச்சம் ஏறக்குறைய ஆறு வாரம்தான்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் கமிட்டி இருந்தே ஆக வேண்டும், அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கமிட்டி இருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்று ஹெச்ஆருக்கு இன்றே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், "அப்படி எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அதுவும் உங்களுக்கு ஆதாரம்தான். புகாரில் தேதி, நேரம், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், அவர் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை, இவ்வளவும் இருக்கட்டும். கோபத்தில் ஒரு சொல்கூட சேர்க்காதீர்கள், பொய்யென்று தெரிந்தே கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது, அதனால் சாட்சி வருவார்களா என்று பயந்து நிற்க வேண்டாம். விசாரணை முடியும்வரை அவரையோ உங்களையோ வேறு பணியிடத்துக்கு மாற்றும்படி கமிட்டியிடம் கேட்கவும் வழி இருக்கிறது.

லேப் டிப் பழியை இதோடு கலக்க வேண்டாம், அதைத் தனி மெயிலாக ஜி.எம்.முக்கு எழுதுங்கள். புலம்பல் வேண்டாம், "இந்தத் தேதியில் நான் கேட்டேன், இந்தத் தேதியில்தான் அவர் அனுப்பினார், பழைய மெயில் இணைத்திருக்கிறேன்" என்று மூன்று வரி போதும். பல வழக்குகளில் நான் பார்த்த சோகம் இதுதான், உண்மை முழுக்க நம் பக்கம் இருக்கும், ஆனால் எல்லாமே வாய்ப்பேச்சாகப் போயிருக்கும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அசல் செய்தி போனிலேயே இருக்க வேண்டும்.

ராஜினாமா விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவுப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், மீறினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். தொழிற்சாலையோடு சேர்ந்த அலுவலகப் பிரிவும் இதில் அடங்கும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அதனால் ஜி.எம். அடுத்த முறை கூப்பிட்டுப் பேப்பரை நீட்டினால், "வீட்டில் கலந்து பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சீட்டுக்கு வந்ததும், "இன்று காலை என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை" என்று அவருக்கே ஒரு மெயில் போட்டு, ஹெச்ஆரை சிசியில் வையுங்கள்.