பாவநிவாரணமும் பனைவிளையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர் இடையன்குடி பக்கம். ஒருவர் எல்லைக்கல்லை நகர்த்தி, பக்கத்து விதவை அத்தையின் பனைவிளையில் (பனை நிற்கும் நிலத்தில்) ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டார். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் தேம்பி அழுதவரும் அவரே. கேட்டால், "என் பாவத்தையெல்லாம் இயேசு சுமந்து தீர்த்துட்டார்" என்கிறார். என் இந்து நண்பனோ, "ஒருத்தன் செஞ்சதை இன்னொருத்தன் சுமக்கிறது என்ன நியாயம்?" என்கிறான். இருவருக்கும் என்ன சொல்ல?

அன்புள்ள தம்பி,

நண்பர் கேட்பது சரியான கேள்வி. குற்றவாளியை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாதவரைத் தண்டித்தால் அநியாயம்தான். ஆனால் சிலுவையில் தொங்குபவர் வெளியாள் அல்ல. தேவனே கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று புதிய ஏற்பாட்டில் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கடன் கொடுத்தவர் கடனைத் தள்ளுபடி செய்தால் நட்டம் அவருக்குத்தானே? அப்படித்தான் இதுவும். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் இதைக் கடவுளின் மாண்புக்குச் செலுத்தும் ஈடு என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார் என்ற இறையியலாளர், நம் மனதைத் திருப்பும் அன்பு என்றார். திருச்சபையின் பழைய விசுவாச அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணமோ, எப்படி என்று விளக்காமல் 'நமக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

கல்லை நகர்த்தியவர் விஷயம்தான் எனக்கு மனசு ஆறவில்லை. வேதாகமத்தில் லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை அவர் வாசிக்க வேண்டும். பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் குற்றநிவாரண பலி செலுத்தும் நாளிலேயே. எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் (நகர்த்துகிறவன்) சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27இல் இருக்கிறது. ஜனங்கள் எல்லாரும் அதற்கு ஆமென் சொல்ல வேண்டும்.

அது பழைய ஏற்பாடு என்பார். சரி, புதிய ஏற்பாட்டில் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவைப் பார்க்கட்டும். இயேசு எந்த நிபந்தனையும் போடாமல்தான் அவன் வீட்டுக்குப் போனார். கிருபை முதலில் வந்தது. அப்புறம் அவனே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றான். அது மன்னிப்புக்குக் கொடுத்த விலை இல்லை. மன்னிப்பு உள்ளே போனதால் கை தானாகத் திறந்தது. கல் நகர்ந்த இடத்திலேயே கிடக்கிறதென்றால், அவர் அழுகையை நான் எப்படி நம்புவேன்?

உங்கள் வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் சேகர குருவானவரைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போய்ப் பேசுங்கள். மசியவில்லை என்றால், அத்தையைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போய், சர்வேயர் வந்து அளக்க மனு கொடுங்கள். அது கிறிஸ்தவனுக்கு அழகில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.