ஃபைனல் ஃபேன்டஸி 1ல இருந்து 6 வரைக்கும் பிக்சல் ரீமாஸ்டர்ல இப்ப விளையாடலாமா, எதுல ஆரம்பிக்கலாம்?

தாராளமா விளையாடலாம், பிக்சல் ரீமாஸ்டர்ங்கறது இந்த ஜப்பான் வீடியோ கேம் தொடரோட முதல் ஆறு பழைய கேமையும் புதுசா மெருகேத்தி விட்ட பதிப்பு, ஆனா தயவுசெஞ்சு வரிசையா 1ல இருந்து ஆரம்பிக்காதீங்க, பாதிப் பேரு 2லயே ஓடிருவாங்க. அதுல லெவலே கிடையாது, கத்திய வீசினா கத்தித் திறமை கூடும், அடி வாங்கினா உயிர் கூடும்னு ஒரு விசித்திரமான சிஸ்டம், 1988க்கு துணிச்சலான யோசனைதான் ஆனா விளையாட கொஞ்சம் பொறுமை வேணும்.

என்னக் கேட்டா 6ல ஆரம்பிங்க. 1994ல நின்டென்டோவோட சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது, அமெரிக்காவுல அப்ப அதுக்கு 3ன்னு பேரு, ஏன்னா நடுவுல 2, 3, 5 மூணும் அங்க அப்ப வரவே இல்ல. அதுல வர்ற ஓபரா சீன்ல அந்தக் காலத்து சிப்புக்கு பாட வராது, குரல் மாதிரி ஒரு பீப் சத்தம்தான், ரீமாஸ்டர்ல நிஜமாவே ஆளுங்க பாடுறாங்க, எனக்கு அங்க புல்லரிச்சிருச்சு.

அடுத்து 5, கதாபாத்திரங்களுக்கு வீரன், மந்திரவாதின்னு வேலைய மாத்தி மாத்தி டீம் கட்டுறது அவ்ளோ ஜாலி.

2023ல வந்த கன்சோல் வெர்ஷன்ல பழைய இசைக்கு மாத்திக்கலாம், நடந்து போறப்ப வர்ற திடீர் சண்டைய ஆஃப் பண்ணலாம், சண்டையில ஜெயிச்சா கிடைக்கிற அனுபவப் புள்ளிய 4 மடங்கு ஆக்கலாம். இதெல்லாம் ஏமாத்து வேலைன்னு சிலர் சொல்வாங்க, வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி விளையாடுறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஒரே குறை, கேம் பாய் அட்வான்ஸ்ங்கற கையடக்க கன்சோலுக்கு வந்த பதிப்புகள்ல சேர்த்த எக்ஸ்ட்ரா டன்ஜன் (எதிரிங்க நிறைஞ்ச குகை மாதிரி இடம்) எல்லாம் இதுல இல்ல.