விந்தணுவையும் முட்டையையும் உருவாக்கும் செல் பிரிவான மியாசிஸில் ஒரு செல் நான்காகப் பிரியும் என்கிறார்கள். பெண்ணில் மட்டும் ஏன் ஒரே முட்டை? மீதி மூன்று எங்கே போகின்றன?

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டால் அன்றைக்கு எனக்கு வகுப்பு நிறைவாக இருக்கும். பாடப் புத்தகப் படத்தை நன்றாக உற்றுப் பார்த்தவருக்குத்தான் இது தோன்றும்.

முதலில் நேரடிப் பதில். மீதிச் செல்களும் உண்டாகத்தான் செய்கின்றன. ஆனால் மிகமிகச் சிறியவை. துருவ உறுப்புகள் என்று பெயர். முட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, கொஞ்ச நாளில் சிதைந்துபோகும். மூன்று என்ற கணக்கும் எப்போதும் சரியாக வராது. முதலில் வெளிவரும் துருவ உறுப்பு மனிதர்களில் பெரும்பாலும் மறுபடி பிரிவதில்லை. அதனால் உண்மையில் இரண்டுதான் இருக்கும்.

ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள் (மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ இழைகள்), அதாவது 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. மியாசிஸ் தொடங்கும் முன் டி.என்.ஏ ஒருமுறை இரட்டிப்பாகிறது. பிறகு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. இதுதான் குறுக்கேற்றம். முதல் பிரிவில் ஜோடிகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இரண்டாம் பிரிவில், இரட்டிப்பான பிரதிகள் பிரிகின்றன. முடிவில் ஒரு செல்லுக்கு 23 குரோமோசோம். எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். அதனால் குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே 83 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் சாத்தியம். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒன்றுபோல இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஆணில் இந்த வேலை பருவ வயதில்தான் தொடங்குகிறது. அப்புறம் முதுமை வரை நிற்பதில்லை. விந்தகத்தின் நுண்குழல்களில் உள்ள மூலச் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால் இருப்பு தீருவதில்லை. மூலச் செல்லிலிருந்து விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு செல் சரிசமமாக நான்காகிறது. பிறகு ஒவ்வொன்றும் செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டு, வால் முளைத்து விந்தணுவாகிறது. பள்ளி ஆய்வகத்தில் மியாசிஸ் காட்ட வெட்டுக்கிளியின் விந்தக ஸ்லைடை வைப்பதும் அதனால்தான். எல்லா நிலைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

முட்டையின் கதை வேறு. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் சில மாதக் கருவாக இருக்கும்போதே, அவளுடைய முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கிவிடுகின்றன. ஐந்தாம் மாத அளவில் அவள் சூலகங்களில் 60, 70 லட்சம் செல்கள் இருக்கும். குறுக்கேற்றம் முடிந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 அல்லது 4 லட்சம் என்று குறைந்துகொண்டே வந்து, வாழ்நாளில் சூலகத்தைவிட்டு வெளிவருபவை சுமார் 400தான். மாதாமாதம் முட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் உச்சத்துக்குப் போகும்போது ஒரு செல் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, முதல் பிரிவை முடித்து, முதல் துருவ உறுப்பை வெளியே தள்ளுகிறது. இரண்டாம் பிரிவின் நடுவில் மறுபடி ஒரு நிறுத்தம். விந்தணு உள்ளே நுழைந்தால்தான் அதுவும் முடியும், இரண்டாவது துருவ உறுப்பும் வெளிவரும். நுழையாவிட்டால் அந்த மியாசிஸ் கடைசிவரை முடிவதே இல்லை.

சரி, ஏன் சமமாகப் பிரியக் கூடாது? கருத்தரித்த பிறகு கருப்பையில் பதியவே ஆறேழு நாள் ஆகிறது. அதுவரை கருவுக்கு வேண்டிய உணவு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் பெரும்பாலும் முட்டையில் உள்ளதுதான். விந்தணு கொண்டுவருவது குரோமோசோம்களும் இன்னும் சிறிதளவும்தான். தொலைதூரம் போகிறவருக்குக் கட்டிய சோற்று மூட்டையை நான்காகப் பங்கிட்டால் ஒருவரும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள். அதனால் பிரிவின்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல், செல்லின் நடுவில் இல்லாமல் விளிம்புக்கு நகர்ந்துவிடுகிறது. வெட்டு ஓரத்தில் விழுகிறது. குரோமோசோம்கள் சரிபாதி, சைட்டோபிளாசம் ஏறக்குறைய முழுக்க ஒரே பக்கம்.

நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்கு அடுத்த பகுதிக்குத்தான். முப்பது, நாற்பது ஆண்டு நின்றிருந்த செல்லில், குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்ந்துபோகின்றன. பிரிய வேண்டிய ஜோடி சில நேரம் பிரியாமல் ஒரே பக்கம் போய்விடும். 21ஆம் குரோமோசோம் அப்படிப் போனால், பிறக்கும் குழந்தைக்கு அது மூன்றாக இருக்கும். உடல், அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டவுன் சிண்ட்ரோமுக்கு இதுதான் காரணம் என்பதை 1959இல் பிரான்சில் மரபியலாளர் லெஜூன் குழுவினர் வெளியிட்டார்கள். தாய்க்கு 25 வயதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஒன்று என்றிருக்கும் வாய்ப்பு, 40 வயதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றாகிறது. தந்தையின் வயதுக்கும் விளைவு உண்டு, ஆனால் அது வேறு வகை. வயது ஏற ஏற விந்தணுக்களில் புதிய மரபணு மாற்றங்கள் கூடுகின்றன.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் தாய்மார்களிடம், கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவே முடிவதில்லை. அந்தப் பிழை பெரும்பாலும் கரு உண்டாகும் முன்பே முட்டைக்குள் நடந்து முடிந்தது. கர்ப்பத்தில் அவர் செய்த எதுவும் அதற்குக் காரணமில்லை. பெண் குழந்தையாகப் பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்வதும் இதே ரகம். முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். மியாசிஸில் எக்ஸும் ஒய்யும் பிரிவது ஆணின் செல்லில்; விந்தணுவில் எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்த வீட்டில் அடுத்த குழந்தை பற்றி யோசித்தால், முதல் குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை அறிக்கையோடு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்குக் காரணம் வேறு: 21ஆம் குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அப்போது மறுபடி நேரும் வாய்ப்பின் கணக்கே மாறிவிடும்.