பழைய ரோலெக்ஸ் டயலில் ஒளி போய்விட்டால் மீண்டும் பூசலாமா?

தாத்தாவின் பழைய ரோலெக்ஸ் இருட்டில் கொஞ்சமும் ஒளிர்வதில்லை என்றும், புதிதாக ஒளிப்பூச்சுப் பூசினால் விலை கூடுமா, அந்தப் பழைய பூச்சு உடம்புக்கு ஆபத்தானதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள். விலை கூடாது, விழும். ஆபத்தைப் பொறுத்தவரை, அந்த டயலில் இருப்பது எந்தப் பூச்சு என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. நான் இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துபவன். மருத்துவனும் அல்லன், பௌதிகவியல் கற்றவனும் அல்லன் என்பதை, பின்னூட்டத்தில் சண்டைக்கு வரக்கூடியவர்களுக்காக இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட டயல்களைக் கழற்றி முகத்துக்கு மிக அருகில் வைத்து வேலை செய்பவன் என்பதால், அதில் என்ன பூசப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை, அதைக் கையில் கட்டிக்கொண்டு போகிறவரைவிட எனக்கு அதிகம்.

உங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவராக இருப்பார் என்று ஊகிக்கிறேன். மலையகத்துக் குடும்பங்களிலிருந்து இத்தகைய கைக்கடிகாரம் வெளிவந்தால், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானதை ஒட்டி நாடு திரும்பிய துரை (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்) ஒருவர் பெரிய கிளாக்கருக்கோ டீமேக்கருக்கோ (தேயிலை ஆலைப் பொறுப்பாளருக்கோ) கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது என்பதுதான் பெரும்பாலும் அதன் கதையாக இருக்கும். என் மனத்தில் இன்னும் ஆறாமல் இருக்கும் விவகாரமும் அப்படிப்பட்ட ஒரு கடிகாரத்தைப் பற்றியதே.

தலவாக்கலைப் பக்கத்து டீமேக்கர் ஒருவரிடம் ரோலெக்ஸ் சப்மரினர் (மாதிரி எண் 5513) ஒன்று இருந்தது. கொழுந்து வாட்டத்தைப் பார்க்க நடுச்சாமத்தில் குவார்ட்டர்ஸிலிருந்து பனிமூட்டத்துக்குள் ஸ்டோருக்கு (தேயிலை ஆலைக்கு) நடந்துபோன காலத்தில், லாம்பை உயர்த்தாமலே அதில் மணி பார்த்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார். பிற்காலத்தில் அந்த ஒளி முற்றாகப் போய்விட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது, "தம்பி, மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டால் போதும், முகத்தில் கை வைக்காதே" என்றார். "தொடவே மாட்டேன் ஐயா" என்றேன். லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) வைத்துப் பார்த்தால், மங்கிய கறுப்பு டயலில் மணிக்குறிகள் அனைத்தும் ஒரே பழுப்பு மஞ்சளில் இருந்தன. முட்களுக்குள் இருந்த பூச்சும் அதே நிறம். 4 மணிக் குறியில் மட்டும் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. டயலின் அடி விளிம்பில் "ஸ்விஸ் – டி<25" என்று பொடி எழுத்து. அந்த எழுத்துதான் எல்லாவற்றுக்கும் சாட்சி.

அதன் பொருளை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கியூரி தம்பதியர் 1898இல் கதிரியக்கத் தனிமமான ரேடியத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதன் உப்பைத் துத்தநாக சல்பைட்டுடன் கலந்து டயல்களில் பூசும் வழக்கம் வந்தது. உண்மையில் ஒளிர்வது துத்தநாக சல்பைட்டுதான். ரேடியம் இடைவிடாமல் விடும் கதிர்கள் அதைத் தாக்கிக்கொண்டே இருப்பதால், வெயிலோ விளக்கோ படாமலும் அது இரவெல்லாம் ஒளிரும். அதே தாக்குதலால் அந்தப் பளிங்குத் துகள்கள் நாளடைவில் சிதைந்து ஒளி அணைந்துபோகிறது. ஒளி அணைந்தது என்பதற்காக ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது: அதன் அரைவாழ்வுக் காலம் (பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) ஏறத்தாழ 1,600 ஆண்டுகள், ஆகவே 60 ஆண்டுகளில் நூற்றுக்கு மூன்று பங்குகூடக் குறைந்திருக்காது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் தூரிகை நுனியை உதட்டால் கூராக்கி டயல்களுக்குப் பூசிய இளம் பெண்கள் தாடையெலும்பு உதிர்ந்து இறந்ததும், எஞ்சியோர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்ததும் பலரும் அறிந்தவை. சுவிட்சர்லாந்திலும் பெண்கள் பலர் வீட்டிலேயே இருந்து இந்த வேலையைச் செய்தார்கள் என்பதும், அப்படிப்பட்ட வீடுகளில் மிஞ்சிய ரேடியத்தைத் தேடி அகற்ற அந்நாட்டு அரசு 2015இல்தான் திட்டம் வகுத்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நுணுக்கமான வேலைக்குப் பெண்களின் விரல்தான் தோது என்ற பேச்சைத் தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1960களின் தொடக்கத்தில் சுவிஸ் நிறுவனங்கள் திரிட்டியத்துக்கு மாறின. இது ஐதரசனின் கதிரியக்க வடிவம். அதிலிருந்து வரும் பீட்டாக் கதிர் மிக வலுவற்றது, கடிகாரக் கண்ணாடியைக்கூடத் தாண்டாது. அரைவாழ்வுக் காலமோ 12.3 ஆண்டுகள். "டி" என்பது திரிட்டியத்தைக் குறிக்கிறது, "<25" என்பது அதன் அளவு 25 மில்லிகியூரிக்குக் (இது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) குறைவு என்பதைச் சொல்கிறது. 1966ஆம் ஆண்டளவில் பூசியது என்றால், அந்தத் திரிட்டியத்தில் இன்று 25இல் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே அது ஒளிராததுதான் இயல்பு. நாட்பட நாட்படப் பாலாடை நிறத்துக்கும் தேன் நிறத்துக்கும் மாறியிருக்கும் அந்தப் பூச்சுக்காகவே சேகரிப்பாளர்கள் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள்.

டீமேக்கர் ஐயா காலமான பிறகு மகன் அதை விற்கப் போனார். கொழும்பில் ஒரு வியாபாரி, டயல் செத்துக் கிடக்கிறது, மலையில் உள்ள கடைக்காரனுக்கு இந்த வேலை தெரியாததால்தான் விட்டுவைத்திருக்கிறான் என்று சொல்லி, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பூச வைத்தார். அதன் பின் நான் பார்த்தேன். குறிகளின் வட்டம் பிசகி வெள்ளைப் பூச்சு கறுப்பில் வழிந்திருந்தது; 6 மணிக் குறியின் அடியில் அது "ஸ்விஸ்" என்ற எழுத்தையே தொட்டுக்கொண்டிருந்தது. இருட்டில் வைத்தால் கோயில் திருவிழா மின்விளக்குப்போலப் பச்சையாக எரிந்தது. வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் புற ஊதாக் கதிர் டோர்ச்சை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, திரிட்டியம் என்று எழுதியிருக்கும் டயல் இப்படி எரிய வழியே இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இவ்வளவும் நடந்த பிறகு, டயலைக் கெடுத்தது ஹட்டனில் உள்ள ஒரு திருத்துநர்தான் என்று அந்த வியாபாரி சொல்லித் திரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மலையிலிருந்து வரும் பொருளுக்கு விலை தெரியாது, மலையில் இருக்கும் ஆளுக்குத் தொழில் தெரியாது என்ற எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. தயாரிப்பாளர்களின் சொந்தப் பராமரிப்பு நிலையங்களிலேயே ஒரு காலத்தில் பழைய டயலையும் முட்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டுக் கொடுத்தார்கள் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், அப்படி மாற்றப்பட்டவற்றுக்கும் சந்தையில் விலை குறைவு.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் லூமிநோவா என்ற பூச்சை உருவாக்கியது: யூரோப்பியம் சேர்த்த ஸ்ட்ரோன்சியம் அலுமினேற்று. ஸ்ட்ரோன்சியம் என்றதும் பயப்பட வேண்டாம், இது கதிரியக்கமற்ற சாதாரண ஸ்ட்ரோன்சியம். வெளிச்சத்தை வாங்கிச் சேமித்து இருட்டில் மெல்ல மெல்ல விடுவது மட்டுமே இதன் வேலை. 1998 அளவில் ரோலெக்ஸ் இதற்கு மாறியதும் டயலின் அடியில் இருந்த "டி" மறைந்து, கொஞ்சக் காலம் "ஸ்விஸ்" என்று மட்டும் இருந்து, பிறகு "ஸ்விஸ் மேட்" ஆனது. சுவிட்சர்லாந்தில் தயாராகும் சூப்பர்-லூமிநோவா, 2008இல் வந்த ரோலெக்ஸின் நீல நிறக் குரோமாலைட் எல்லாம் இதே வழியில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால், புதிய கடிகாரம் பழையதாகத் தெரிவதற்காக "பழைய ரேடியம்" என்ற பெயரிலேயே ஒரு மங்கல் நிறச் சூப்பர்-லூமிநோவாவை இப்போது விற்கிறார்கள்.

உங்கள் கடிகாரத்தை இருட்டறையில் வைத்து புற ஊதாக் கதிர் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். குறிகள் மங்கலாக ஒளிர்ந்து சில வினாடிகளில் அணைந்தால், பெரும்பாலும் பழைய திரிட்டியம். அணையாமல் நெடுநேரம் எரிந்தால், யாரோ ஏற்கெனவே பூசியிருக்கிறார்கள். கொஞ்சமும் ஒளிராமல், அடியில் "டி" இன்றி "ஸ்விஸ்" என்று மட்டும் இருந்து, முட்கள் நெடுங்காலம் நின்ற இடத்தில் டயலில் பழுப்பு நிழல் விழுந்திருந்தால், ரேடியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அலுமாரிக்குள் காற்றோட்டமின்றிப் பூட்டி வைக்காதீர்கள், ரேடியம் ரேடன் வாயுவை விடும். பின்மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. உதிர்ந்த தூளை மூச்சோடு இழுப்பதுதான் பெரிய ஆபத்து. திருத்தக் கொடுக்கும்போது ரேடியம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்களுக்கும் நுரையீரல் இருக்கிறது. எதுவாக இருந்தாலும், டயலும் முட்களும் மாற்றப்படவோ பூசப்படவோ கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டே கடிகாரத்தை ஒப்படையுங்கள். 6 மணிக்குக் கீழே உள்ள எழுத்தைக் கண்ணாடிக்கு மேலாகவே தெளிவாகப் படம் எடுத்துப் போட்டால், எந்தக் காலத்து டயல் என்று என்னால் சொல்ல முடியும்.