கடல் தாண்டாத பேரரசு: ரஷ்யாவும் அண்டை நாடுகளும் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, ரஷ்யா கப்பலேறிப் போய் நாடு பிடித்ததாகப் படித்ததில்லை. ‘ரஷ்ய ஏகாதிபத்தியம்’ என்பது பொருந்துமா?

பதில்: கடலைத் தாண்டினால்தான் காலனி என்று நாம் எண்ணுவதற்குக் காரணம், நம்மை ஆண்டவர்கள் கப்பலில் வந்தார்கள் என்பதுதான். ரஷ்யப் பேரரசு பெரும்பாலும் நிலவழியே வளர்ந்தது. 1783-இல் கிரிமியக் கானரசு இணைக்கப்பட்டது. 1864-இல் காகசஸ் போரின் முடிவில் சர்க்காசிய மக்கள் பெருந்திரளாக உதுமானிய நாட்டுக்குத் துரத்தப்பட்டார்கள். மறு ஆண்டே தாஷ்கண்ட் வீழ்ந்தது. நடுவே கடல் இல்லாததால், நாடு எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது என்பது ஆள்வோருக்கே மங்கிப்போயிற்று. நம் மேடைகளில் ‘ஏகாதிபத்தியம்’ என்றாலே முன்னால் ‘அமெரிக்க’ என்பது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் நம் கண்ணை மறைத்தது என்பேன்.

கேள்வி: நேட்டோ கிழக்கே விரிந்ததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பதில்: அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று நாள் குறிக்காமல் அறிவித்தது, பாதுகாப்பும் தராமல் பகையை மட்டும் வளர்த்த பிழை. ஆனால் மால்டோவாவின் திரான்ஸ்னிஸ்திரியாவில் ரஷ்யாவின் 14-ஆம் படை தலையிட்டது 1992-இல். அப்போது கிழக்கு ஐரோப்பிய நாடு எதுவும் நேட்டோவில் சேர்ந்திருக்கவில்லை. 2014-இல் கிரிமியா பறிக்கப்பட்டபோது, எந்த இராணுவக் கூட்டணியிலும் சேர்வதில்லை என்ற 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உக்ரைனில் நடப்பில் இருந்தது. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட பின்லாந்து 2023-இல் நேட்டோவில் சேர்ந்தபோதோ, அங்கே படை நுழையவில்லை.

கேள்வி: 2008 ரஷ்ய-ஜார்ஜியப் போரில் முதலில் குண்டு வீசியது ஜார்ஜியாதானே?

பதில்: ஆம், ஆகஸ்ட் 7 நள்ளிரவை ஒட்டி ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேத்தியாவின் த்ஸ்கின்வாலி நகர்மீது ஜார்ஜியப் படை பீரங்கித் தாக்குதல் நடத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்காக விசாரித்த சுவிஸ் தூதர் ஹைடி தாலியாவினியின் குழு, அத்தாக்குதலுக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் நியாயமில்லை என்றே 2009-இல் எழுதியது. அதே அறிக்கை, தெற்கு ஒசேத்தியாவிலும், அதேபோல் பிரிந்து நின்ற அப்காசியாவிலும் ரஷ்யா மொத்தமாகக் கடவுச்சீட்டு வழங்கியதும் சட்டவிரோதம் என்றது; நம்மவர்கள் இந்தப் பாதியை மேற்கோள் காட்டுவதே இல்லை. ரஷ்யாவின் முறை இதுதான்: முதலில் அண்டை நாட்டானுக்குக் கடவுச்சீட்டு கொடு, பிறகு ‘என் குடிமக்களைக் காக்க வந்தேன்’ என்று படையை அனுப்பு. கடைசியில் அந்த நிலத்தைத் தனிநாடு என்று அங்கீகரி. கிழக்கு உக்ரைனின் டொன்பாஸிலும் 2019-இல் கடவுச்சீட்டு எளிதாக்கப்பட்டது, 2022 பிப்ரவரி 21-இல் அங்கீகாரம் வந்தது, மூன்று நாள் கழித்து முழுப் படையெடுப்பே தொடங்கியது.

ஜார்ஜியாவில் போர் ஐந்து நாளில் முடிந்தாலும் எல்லை இன்னும் நகர்கிறது. குர்வலேட்டி என்ற சிற்றூரில் முள்வேலி இழுத்தபோது ஒரு முதியவரின் வீடு தெற்கு ஒசேத்தியப் பக்கம் மாட்டிக்கொண்டது. வீட்டை விட மனமில்லாமல் அவர் அங்கேயே தங்கிவிட்டார். பார்க்க வந்தவர்கள் மருந்தையும் உணவையும் கம்பிக்கு மேலாகத்தான் நீட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: கிரிமியா குருஷ்சேவ் காலத்தில் உக்ரைனுக்குக் கொடுக்கப்பட்டதுதானே? திரும்ப எடுத்ததில் என்ன தவறு?

பதில்: 1954-இல் சோவியத் ஒன்றியத்துக்குள் நிர்வாகம் கைமாறியது உண்மைதான். ஆனால் 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் கிரிமியாவிலும் 54 விழுக்காட்டினர் உக்ரைனின் விடுதலையை ஏற்றார்கள். 1994-இல் புடாபெஸ்டில், உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக, அதன் அப்போதைய எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவே கையொப்பமிட்டது. பழைய உரிமை பேசுவதானால் அம்மண்ணின் பழங்குடிகளான கிரிமியத் தாத்தார்களிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்? 1944 மே மாதத்தில் ஸ்டாலின் அவர்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றிப் பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார். 2016-இல் ரஷ்யா அவர்களுடைய மஜ்லிஸ் பேரவையைத் தடை செய்தது.

கேள்வி: காகசஸ் பகுதியிலுள்ள சேச்னியா ரஷ்யாவின் உள்நாட்டுப் பிரச்சினைதானே?

பதில்: சட்டப்படி அப்படிச் சொல்லலாம். ஆனால் 1944-இல் ஒட்டுமொத்தமாக நாடு கடத்தப்பட்டு, 1994-இலும் 1999-இலும் தலைநகர் குரோஸ்னி தரைமட்டமாவதைக் கண்ட மக்களிடம் ‘உள்நாடு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: உக்ரைனிய மொழி ரஷ்ய மொழியின் வட்டார வழக்கு என்கிறார்களே?

பதில்: அது இன்று பிறந்த பேச்சு அன்று. 1863-இல் ரஷ்ய உள்துறை அமைச்சர் வாலுயெவ், அப்படியொரு தனிமொழி இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தைத் தன் சுற்றறிக்கையில் எழுதினார். 1876-இல் ரஷ்யப் பேரரசரின் எம்ஸ் ஆணை அம்மொழியில் நூல் அச்சிடுவதையே பெரும்பாலும் தடுத்தது. இல்லாத மொழிக்குத் தடை எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை போலும். 2021 ஜூலையில் புதின் எழுதிய நீண்ட கட்டுரையும், இரு மக்களும் ஒரே மக்கள் என்ற பழைய வாதத்தையே வைத்தது. உக்ரைனிய நெடுங்கணக்கில், தலையில் இரு புள்ளி வைத்து ‘யி’ என ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டு. ரஷ்ய நெடுங்கணக்கில் அது கிடையாது. ஆக்கிரமிக்கப்பட்ட மரியுபோலில் இரவோடு இரவாகச் சுவர்களில் எழுதப்பட்டது அந்த ஒற்றை எழுத்துத்தான்.